வன்மையான வார்ப்பிரும்பை மில்லிங் செய்தல்: வெட்டு நிபந்தனைகளும் விளைவுகளும்

பட்டறைத் தொழினுட்பப் பகுதியில் மாணவர்கள் அடிக்கடி புள்ளிகளை இழக்கும் வினா ஒன்று உண்டு. "வேலைப்பொருள் வன்மையானதாக இருப்பின் வெட்டு நிபந்தனைகளை எவ்வாறு மாற்றுவீர்?" என்பதே அது. பெரும்பாலானோர் "வேகம், ஊட்டல், ஆழம் ஆகிய மூன்றையும் குறைக்கவேண்டும்" என எழுதிவிடுகின்றனர். இவ்விடையில் மூன்றில் ஒரு பங்கே சரியானது. ஏன் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• வார்ப்பிரும்பு எவ்வாறு வன்மையடைகிறது என விளக்குவீர்கள்.
• வெட்டு வேகம், ஊட்டல், வெட்டு ஆழம் ஆகியவற்றைக் கணிப்பீர்கள்.
• ஒவ்வொரு நிபந்தனையும் கருவியின் ஆயுள், மேற்பரப்பு, விசை, நேரம் ஆகியவற்றில் ஏற்படுத்தும் விளைவைக் கூறுவீர்கள்.
• வன்மையான தோலுடைய வார்ப்பைப் பாதுகாப்பாக வெட்டும் ஒழுங்கைத் திட்டமிடுவீர்கள்.

1. வார்ப்பிரும்பும் மலையகமும்

வார்ப்பிரும்பு என்றவுடன் தொலைவில் உள்ள பெரிய ஆலைகளை நினைக்கவேண்டியதில்லை. நானுஓயா, ரதல்ல, ஹட்டன் பகுதிகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலை எதற்குள் நுழைந்தாலும் அதைக் காணலாம். கொழுந்தை உருட்டும் ரோலரின் சட்டகம், அதன் வளைதண்டுகளைத் தாங்கும் கூடுகள், பட்டி ஓடும் கப்பிகள், பற்சில்லுப் பெட்டிகள் ஆகியன பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானவை.

1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தக நோக்கில் பயிரிட்டார். கோப்பிச் செய்கை நோயால் அழிந்ததும் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. தேயிலையோடு இயந்திரங்களும் வந்தன. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் இயங்கிய மார்ஷல் நிறுவனத்தின் ரோலர்களும், பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் நிறுவனத்தின் "சிரொக்கோ" உலர்த்திகளும் மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் இடம்பிடித்தன. 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயா வரை வந்தபின், எடை மிகுந்த இரும்புப் பாகங்களை உயர்நிலத்துக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் மலையகத்திலேயே தோன்றின. பிரவுண் நிறுவனம் 1875 இல் ஹட்டனில் தொடங்கப்பட்டது தோட்டங்களுக்கான பொறியியல் வேலைகளுக்காகவே.

பழைய இயந்திரத்தின் தாங்கிக் கூடு ஒன்று வெடித்துவிட்டால் அதே பாகத்தைக் கடையில் வாங்குவது அரிது. உடைந்த பாகத்தை மாதிரியாகக் கொண்டு வார்ப்புப் பட்டறையில் புதியதொன்றை வார்ப்பார்கள். பின்னர் அதன் அடித்தளத்தை மில்லிங் பொறியில் தட்டையாக்கி, துளையிட்டுப் பொருத்துவார்கள். கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் வாடிய கொழுந்து ரோலருக்காக நெடுநேரம் காத்திருக்க முடியாது. தாமதமானால் தேயிலையின் தரம் கெடும். ஆகவே அந்த ஒரு பாகத்தைப் பிழையின்றி வெட்டுவதில் ஒரு தொழிற்சாலையின் அன்றைய வேலை தங்கியிருக்கிறது.

2. வார்ப்பிரும்பு ஏன் வன்மையாகிறது?

சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பில் ஏறத்தாழ 2.5 முதல் 4 சதவீதம் வரை காபனும், 1 முதல் 3 சதவீதம் வரை சிலிக்கனும் உண்டு. உருகிய இரும்பு மெதுவாகக் குளிரும்போது காபனின் பெரும்பகுதி காரீயச் செதில்களாகப் பிரிகிறது. உடைத்துப் பார்த்தால் முகம் சாம்பல் நிறமாகத் தெரிவது இதனாலேயே. காரீயம் மென்மையானது, வெட்டும்போது மசகாகவும் உதவுகிறது. சீவல்கள் நீளமாக வராமல் சிறு துண்டுகளாக உதிர்கின்றன. இவ்வகை இரும்பின் வன்மை பெரும்பாலும் 150 முதல் 250 பிரினெல் வரை இருக்கும்.

உருகிய இரும்பு விரைவாகக் குளிர்ந்தால் காபனுக்குக் காரீயமாகப் பிரிய நேரம் கிடைப்பதில்லை. அது இரும்புடன் சேர்ந்து இரும்புக் காபைட்டாக நின்றுவிடுகிறது. இதில் காபன் 6.67 சதவீதம். இச்சேர்வை மிக வன்மையானது, எளிதில் நொருங்குவது. இவ்வாறு உருவாகும் இரும்பே வெள்ளை வார்ப்பிரும்பு. இதன் உடைந்த முகம் வெள்ளி போல் மின்னும். வன்மை 400 பிரினெல்லுக்கு மேலும் செல்லும்.

ஒரே வார்ப்பின் உட்பகுதி சாம்பல் இரும்பாகவும், மூலைகளும் மெல்லிய விளிம்புகளும் வெள்ளை இரும்பாகவும் அமையலாம். ஏனெனில் மெல்லிய பகுதிகளே முதலில் குளிர்கின்றன. வார்ப்பின் புறத்தோலில் அச்சு மணலும் ஒட்டியிருக்கும். மணலின் முக்கிய கூறான சிலிக்கா கருவியின் கூரை அரைத்துத் தேய்த்துவிடும். ஆகவே "வன்மையான வார்ப்பிரும்பு" என்பது முழுப் பொருளையும் குறிக்கலாம், தோலை மட்டும் குறிக்கலாம், விளிம்புகளை மட்டும் குறிக்கலாம். எது என அறிந்தபின்பே வெட்டு நிபந்தனைகளைத் தெரிவுசெய்யவேண்டும்.

வன்மையை அதிகரிக்கும் காரணிகள்:
(அ) விரைவான குளிர்தல்.
(ஆ) பாகத்தின் மெல்லிய தடிப்பு.
(இ) சிலிக்கன் குறைவு. பழைய உருக்குத் துண்டுகளை அதிகம் கலந்து உருக்கும்போது காபனும் சிலிக்கனும் குறைந்துவிடும்.
(ஈ) குரோமியம் போன்ற, காபைட்டை உருவாக்கும் மூலகங்கள்.

வன்மை எப்போதும் குறைபாடு அன்று. மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லின் அரைதட்டுகள் தேயாமல் உழைக்கவேண்டும். அவற்றுக்கு வன்மையான வார்ப்பிரும்பே ஏற்றது. தாங்கிக் கூட்டின் அடித்தளத்திலோ அது வேண்டப்படாதது.

எளிய சோதனை: வெட்டத் தொடங்குமுன் வார்ப்பின் மூலைகளிலும் விளிம்புகளிலும் அரத்தால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அரம் பிடித்துத் துகள் உதிர்ந்தால் அவ்விடம் வெட்டத்தக்கது. அரம் வழுக்கிச் சென்றால் அவ்விடம் வெள்ளை இரும்பாகியிருக்கலாம். சில வினாடிகளில் முடியும் இச்சோதனை ஒரு வெட்டியையே காப்பாற்றும்.

3. வெட்டு நிபந்தனைகள் மூன்று

லேத் எனப்படும் கடைசல் பொறியில் வேலைப்பொருள் சுழல்கிறது, கருவி நகர்கிறது. மில்லிங் பொறியிலோ பல பற்களைக் கொண்ட வெட்டி சுழல்கிறது. வேலைப்பொருள் மேசையுடன் நகர்கிறது. ஒவ்வொரு பல்லும் உலோகத்துள் நுழைந்து, வெட்டி, வெளியேறுகிறது. ஆகவே மில்லிங்கில் கருவியின் கூர் தொடர்ந்து வெட்டுவதில்லை. மீண்டும் மீண்டும் மோதுகிறது. வன்மையான பொருளை வெட்டும்போது இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

வெட்டு வேகம்: பல்லின் நுனி உலோகத்தைக் கடக்கும் வேகம். அலகு: நிமிடத்துக்கு மீற்றர்.

வெட்டு வேகம் = 3.14 × வெட்டியின் விட்டம் (மி.மீ.) × நிமிடச் சுழற்சிகள் ÷ 1000

பல்லொன்றுக்கான ஊட்டல்: ஒரு பல் வெட்டுவதற்கும் அடுத்த பல் வெட்டுவதற்கும் இடையில் மேசை நகரும் தூரம். அலகு: மி.மீ.

மேசையின் ஊட்டல் = பல்லொன்றுக்கான ஊட்டல் × பற்களின் எண்ணிக்கை × நிமிடச் சுழற்சிகள்

வெட்டு ஆழம்: ஒருமுறை கடக்கும்போது நீக்கப்படும் படையின் தடிப்பு. அலகு: மி.மீ.

இம்மூன்றையும் வெட்டின் அகலத்தையும் கொண்டு ஒரு நிமிடத்தில் நீக்கப்படும் உலோகத்தின் கனவளவைக் காணலாம்.

நீக்கப்படும் கனவளவு = வெட்டு ஆழம் × வெட்டு அகலம் × மேசையின் ஊட்டல்

4. வெட்டு வேகத்தின் விளைவு

கருவியின் ஆயுளை மிக அதிகமாகப் பாதிப்பது வெட்டு வேகமே. வேகம் கூடும்போது கூரில் உராய்வால் உண்டாகும் வெப்பநிலை உயர்கிறது. உயர்வேக உருக்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸில் தன் வன்மையை இழக்கத் தொடங்கும். தங்குதன் காபைட்டுக் கருவி அதைவிட மிக உயர்ந்த வெப்பநிலையிலும் வன்மையாக நிற்கும்.

இத்தொடர்பை அளந்து சூத்திரமாக்கியவர் அமெரிக்கப் பொறியியலாளர் எப். டபிள்யூ. டெய்லர். லூல்கந்துர டெய்லருடன் இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1880 இல் பிலடெல்பியாவின் மிட்வேல் உருக்காலையில் பரிசோதனைகளைத் தொடங்கிய இவர், ஏறத்தாழ 26 ஆண்டுகள் உலோகம் வெட்டுதலை ஆராய்ந்து 1906 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவரது சூத்திரம்:

வெட்டு வேகம் × (கருவியின் ஆயுள்)^ந = மாறிலி

இங்கு "ந" என்பது கருவிப் பொருளைப் பொறுத்த எண். உயர்வேக உருக்குக்கு ஏறத்தாழ 0.125 எனவும், காபைட்டுக்கு ஏறத்தாழ 0.25 எனவும் கொள்ளப்படுகிறது.

உதாரணம்: ஒரு கருவியின் ஆயுள் 60 நிமிடம் எனக் கொள்வோம். வெட்டு வேகத்தை 20 சதவீதத்தால் கூட்டினால்,
காபைட்டு: 60 ÷ (1.2)^4 = 60 ÷ 2.07 = ஏறத்தாழ 29 நிமிடம்.
உயர்வேக உருக்கு: 60 ÷ (1.2)^8 = 60 ÷ 4.30 = ஏறத்தாழ 14 நிமிடம்.

வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியதற்கு, காபைட்டு தன் ஆயுளில் பாதிக்கு மேலும், உயர்வேக உருக்கு முக்காற்பங்குக்கு மேலும் இழக்கின்றன. மாறாக, காபைட்டில் வேகத்தை 20 சதவீதத்தால் குறைத்தால் ஆயுள் 60 ÷ (0.8)^4, அதாவது ஏறத்தாழ 146 நிமிடமாகும். எனவே பொருள் வன்மையானதாக இருப்பின் முதலிற் குறைக்கவேண்டியது வெட்டு வேகமே.

கைந்நூல்களிற் காணப்படும் அண்ணளவான வெட்டு வேகங்கள் (நிமிடத்துக்கு மீற்றர்):
மென்மையான சாம்பல் வார்ப்பிரும்பு, 160 முதல் 200 பிரினெல்: உயர்வேக உருக்கு 20 – 30, காபைட்டு 80 – 150.
நடுத்தர வன்மை, 220 முதல் 260 பிரினெல்: உயர்வேக உருக்கு 12 – 18, காபைட்டு 60 – 100.
வெள்ளை வார்ப்பிரும்பு, 400 பிரினெல்லுக்கு மேல்: உயர்வேக உருக்கு பொருந்தாது, காபைட்டு 10 – 30.

பொறி பழையதாகவோ வேலைப்பொருளின் பிடிமானம் உறுதி குறைந்ததாகவோ இருப்பின் கீழ் எல்லையை அல்லது அதனிலும் குறைந்த பெறுமானத்தைத் தெரிவுசெய்க.

5. ஊட்டலின் விளைவு

ஊட்டல் முக்கியமாக இரண்டைத் தீர்மானிக்கிறது: மேற்பரப்பின் கரடுமை, பல்லின் மீதான விசை.

ஒவ்வொரு பல்லும் தன் முனையின் வடிவத்தை உலோகத்தில் பதித்துச் செல்கிறது. அப்பதிவுகளுக்கு இடையில் எஞ்சும் சிறு மேடுகளே கரடுமை. அறிமுறைப்படி,

மேட்டின் உயரம் = (பல்லொன்றுக்கான ஊட்டல்)² ÷ (8 × பல்முனையின் ஆரை)

பல்முனையின் ஆரை 0.8 மி.மீ. எனின்,
ஊட்டல் 0.2 மி.மீ.: 0.04 ÷ 6.4 = 0.00625 மி.மீ., அதாவது 6.25 மைக்கிரோமீற்றர்.
ஊட்டல் 0.1 மி.மீ.: 0.01 ÷ 6.4 = 0.00156 மி.மீ., அதாவது 1.56 மைக்கிரோமீற்றர்.

ஊட்டலைப் பாதியாக்கும்போது மேட்டின் உயரம் காற்பங்காகிறது. நடைமுறையில் அதிர்வும், பற்களின் சிறு உயர வேறுபாடுகளும், உதிரும் காரீயச் செதில்கள் விடும் குழிகளும் கரடுமையைக் கூட்டும். எனினும் நல்ல மேற்பரப்பு வேண்டின் முடிப்பு வெட்டில் ஊட்டலைக் குறைப்பதே முதல் வழி.

அப்படியாயின் தொடக்கத்திலிருந்தே ஊட்டலை மிகக் குறைத்துவிடலாமே என மாணவர்கள் எண்ணக்கூடும். இங்குதான் தவறு நேர்கிறது. எந்தக் கூரும் முழுமையான கோடு அன்று; அதன் நுனியில் மிகச் சிறிய வளைவு உண்டு. சீவலின் தடிப்பு அவ்வளைவை விடக் குறைந்தால் பல் உலோகத்தை வெட்டாமல் அதன்மேல் உரசிச் செல்லும். உரசல் வெப்பத்தைத் தரும், கூரைத் தேய்க்கும், ஆனால் உலோகத்தை நீக்காது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்கள் இதை நன்கு அறிவார்கள். கத்தி ஒரே வீச்சில் இறங்கினால் வெட்டு வழுவழுப்பாக இருக்கும். தயங்கித் தயங்கி வெட்டினால் கொப்பு நசிந்து பிளக்கும்.

ஊட்டல் மிகக் கூடினாலும் கேடு உண்டு. பல்லின் மீதான விசை அதிகரித்துக் காபைட்டுக் கூர் சிறு துண்டாக உடையலாம். வெட்டி வெளியேறும் பக்கத்தில் வார்ப்பின் விளிம்பும் பெயர்ந்து விழலாம். வார்ப்பிரும்பு வளையாமல் நொருங்கும் இயல்புடையது என்பதே இதற்குக் காரணம். வெளியேறும் விளிம்பை முன்கூட்டியே அரத்தாற் சிறிது சரித்துவிட்டால் இவ்வுடைவு குறையும்.

6. வெட்டு ஆழத்தின் விளைவு

மூன்று நிபந்தனைகளில் கருவியின் ஆயுளை மிகக் குறைவாகப் பாதிப்பது வெட்டு ஆழம். ஆழம் கூடும்போது விசையும் வேண்டப்படும் வலுவும் கூடும். ஆனால் வெட்டும் கூரின் நீளமும் கூடுவதால் வெப்பம் பரவி, கூரின் வெப்பநிலை சிறிதளவே உயரும்.

வன்மையான தோலுடைய வார்ப்புக்கு இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: முதல் வெட்டு தோலின் அடிக்குச் செல்லவேண்டும். 0.3 மி.மீ. ஆழத்தில் "பார்த்துப் பார்த்து" வெட்டினால் பல்லின் முனை முழு நேரமும் மணலையும் வெள்ளைத் தோலையுமே உரசிக்கொண்டிருக்கும். 2 அல்லது 3 மி.மீ. ஆழத்தில் வெட்டினால் பல்லின் முனை தோலுக்கு அடியிலுள்ள மென்மையான இரும்பில் வேலை செய்யும்; தோல் அடியிலிருந்து பெயர்ந்து வரும். ஆகவே வார்ப்புக்கு மாதிரி செய்யும்போதே வெட்டி நீக்குவதற்குப் போதிய மேலதிகத் தடிப்பு விடப்படுதல் அவசியம்.

விளிம்புகள் உட்புறம் வரை வெள்ளை இரும்பாகியிருப்பின் ஆழம் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. அப்போது வார்ப்பை ஏறத்தாழ 850 முதல் 950 பாகை செல்சியஸ் வரை வெப்பமேற்றி, சில மணி நேரம் வைத்து, உலையிலேயே மெதுவாக ஆறவிடவேண்டும். இரும்புக் காபைட்டு சிதைந்து காரீயம் பிரியும், வன்மை குறையும். இதனைப் பதமாற்றல் என்பர்.

7. வெட்டும் திசை

மேல்வெட்டு முறையில் பல்லின் நகர்வும் மேசையின் நகர்வும் எதிர்த்திசைகளில் அமையும். பல் ஏற்கெனவே வெட்டப்பட்ட தூய உலோகத்தில் நுழைந்து தோலின் வழியே வெளியேறும். கீழ்வெட்டு முறையில் இரண்டும் ஒரே திசையில் அமையும். பல் நேராகத் தோலின் மீது மோதி நுழையும்.

உருளை வெட்டியால் வன்மையான, மணல் ஒட்டிய தோலை நீக்கும்போது மேல்வெட்டு முறையே ஏற்றது. பழைய பொறிகளில் மேசையை நகர்த்தும் திருகாணிக்கும் சுரைக்கும் இடையில் தளர்வு இருக்கும். கீழ்வெட்டு முறையில் வெட்டி மேசையைத் திடீரென இழுத்துப் பல்லை உடைத்துவிடலாம். மேல்வெட்டு முறையைத் தெரிவுசெய்ய இது இரண்டாவது காரணம். தோல் நீங்கியபின், தளர்வற்ற பொறியாயின், கீழ்வெட்டு முறை நல்ல மேற்பரப்பைத் தரும்.

8. குளிர்த்தியும் தூசும்

சாம்பல் வார்ப்பிரும்பு பெரும்பாலும் உலர்வாகவே வெட்டப்படுகிறது. காரீயம் மசகாக உதவுவது ஒரு காரணம். நுண்ணிய துகள்கள் குளிர்த்தியுடன் சேர்ந்து அரைகுழம்பாகிப் பொறியின் வழுக்குப் பாதைகளைத் தேய்ப்பது மற்றொரு காரணம். மேலும் மில்லிங்கில் காபைட்டுப் பற்கள் மாறிமாறிச் சூடாகிக் குளிர்கின்றன. விட்டுவிட்டு விழும் குளிர்த்தி இதை மோசமாக்கிக் கூரில் வெடிப்புகளை உண்டாக்கலாம்.

உலர்வாக வெட்டும்போது எழும் தூசு கவனத்துக்குரியது. அதில் இரும்பு, காரீயம் ஆகியவற்றுடன் அச்சு மணலின் சிலிக்காவும் இருக்கும். நுண்ணிய சிலிக்காத் தூசை நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். எனவே,
• வெட்டுமுன் கம்பித்தூரிகையால் ஒட்டிய மணலை நீக்குக. அப்போதும் தகுந்த முகக்கவசம் அணிக.
• கண்ணாடி அணிக. துகள்கள் சூடானவை, கூரானவை.
• அமுக்க வளியால் தூசை ஊதாதீர்கள். தூசு உறிஞ்சியாலோ ஈரத்துணியாலோ அகற்றுக.
• பொறி ஓடும்போது துகள்களைக் கையால் தொடாதீர்கள்.

நானுஓயா போன்ற, பனிமூட்டமும் ஈரமும் மிகுந்த இடங்களில் புதிதாக வெட்டிய வார்ப்பிரும்பு முகம் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்தவுடன் முகத்துக்கும் பொறியின் மேசைக்கும் மெல்லிய எண்ணெய் பூசுதல் நல்ல பழக்கம்.

9. தீர்க்கப்பட்ட உதாரணம்

தேயிலை ரோலர் ஒன்றுக்குரிய தாங்கிக் கூட்டின் அடித்தளம் 300 மி.மீ. நீளமும் 75 மி.மீ. அகலமும் உடையது. 100 மி.மீ. விட்டமும் 6 காபைட்டுப் பற்களும் கொண்ட முகவெட்டியால் 3 மி.மீ. ஆழம் வெட்டப்படுகிறது. பல்லொன்றுக்கான ஊட்டல் 0.15 மி.மீ. வெட்டி முற்றாகக் கடப்பதற்கு மேசை 300 + 100 = 400 மி.மீ. நகரவேண்டும்.

நிலை 1: சாதாரண சாம்பல் இரும்பு, வெட்டு வேகம் 60 மீ./நிமி.
சுழற்சிகள் = 60 × 1000 ÷ (3.14 × 100) = 191
மேசையின் ஊட்டல் = 0.15 × 6 × 191 = 172 மி.மீ./நிமி.
நேரம் = 400 ÷ 172 = ஏறத்தாழ 2 நிமிடம் 20 வினாடி

நிலை 2: வன்மையான இரும்பு, வெட்டு வேகம் 30 மீ./நிமி.; ஊட்டல் மாறவில்லை.
சுழற்சிகள் = 95.5
மேசையின் ஊட்டல் = 86 மி.மீ./நிமி.
நேரம் = ஏறத்தாழ 4 நிமிடம் 40 வினாடி

நிலை 3: வேகம் 30 மீ./நிமி.; ஊட்டலும் 0.03 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது.
மேசையின் ஊட்டல் = 0.03 × 6 × 95.5 = 17.2 மி.மீ./நிமி.
நேரம் = ஏறத்தாழ 23 நிமிடம்

இப்போது ஒவ்வொரு பல்லும் எத்தனை முறை உலோகத்தில் மோதுகிறது எனப் பார்ப்போம். ஒரு சுழற்சியில் ஒரு பல் ஒருமுறை மோதும். நிலை 2 இல் மொத்தச் சுழற்சிகள் 400 ÷ 0.9 = 444. நிலை 3 இல் 400 ÷ 0.18 = 2222. அதே உலோகத்தை நீக்க ஐந்து மடங்கு மோதல்கள். ஐந்து மடங்கு உரசல் தூரம். மென்மையாக வெட்டுவதாக எண்ணியவர் உண்மையில் கருவியை அதிகம் தேய்த்திருக்கிறார்.

வலுவையும் விசையையும் ஒப்பிடுவோம். ஒரு கன மி.மீ. உலோகத்தை நீக்கச் சாதாரண இரும்புக்கு 2 யூல், வன்மையானதற்கு 4 யூல் எனக் கொள்க.
நிலை 1: 3 × 75 × 172 ÷ 60 = 645 கன மி.மீ./வினாடி; வலு = 645 × 2 = 1290 வாற்று
நிலை 2: 3 × 75 × 86 ÷ 60 = 322.5 கன மி.மீ./வினாடி; வலு = 322.5 × 4 = 1290 வாற்று

வலு சமமே. ஆனால் விசை = வலு ÷ வேகம் என்பதால், நிலை 1 இல் (வினாடிக்கு 1 மீற்றர்) விசை 1290 நியூற்றன்; நிலை 2 இல் (வினாடிக்கு 0.5 மீற்றர்) 2580 நியூற்றன். மெதுவாகச் சுழல்வதால் விசை குறைந்துவிடாது. இங்கு அது இருமடங்காகியுள்ளது. எனவே வன்மையான பொருளை வெட்டும்போது இறுக்கிகளை மேலும் உறுதியாக அமைக்கவேண்டும். அடியில் இடைவெளி இருந்தால் தகடு வைத்துத் தாங்கவேண்டும். அவ்வாறு செய்யாமல் இறுக்கினால் வார்ப்பு வெடிக்கும்.

10. நினைவிற் கொள்க

வேகம்: கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கும். பொருள் வன்மையாயின் குறைக்குக.
ஊட்டல்: மேற்பரப்பைத் தீர்மானிக்கும். முரட்டு வெட்டில் போதிய அளவு பேணுக. முடிப்பு வெட்டில் குறைக்குக.
ஆழம்: விசையையும் வலுவையும் தீர்மானிக்கும். முதல் வெட்டு தோலின் அடியைத் தொடுக. முடிப்பு வெட்டில் 0.5 மி.மீ. அளவு போதுமானது.

11. பயிற்சி வினாக்கள்

பல்தேர்வு
(1) கருவியின் ஆயுளை மிக அதிகமாகப் பாதிப்பது
(அ) வெட்டு ஆழம் (ஆ) ஊட்டல் (இ) வெட்டு வேகம் (ஈ) வெட்டு அகலம்
(2) வெள்ளை வார்ப்பிரும்பின் வன்மைக்குக் காரணம்
(அ) காரீயம் (ஆ) இரும்புக் காபைட்டு (இ) மணல் (ஈ) துரு
(3) பல்லொன்றுக்கான ஊட்டல் மூன்றிலொன்றாகும்போது அறிமுறைக் கரடுமை
(அ) மூன்றிலொன்று (ஆ) ஆறிலொன்று (இ) ஒன்பதிலொன்று (ஈ) மாறாது
(4) மணல் ஒட்டிய தோலை உருளை வெட்டியால் நீக்க ஏற்ற முறை
(அ) மேல்வெட்டு (ஆ) கீழ்வெட்டு (இ) இரண்டும் சமம் (ஈ) எதுவுமில்லை

விடைகள்: (1) இ, (2) ஆ, (3) இ, (4) அ

அமைப்புக் கட்டுரை
(5) 80 மி.மீ. விட்டமும் 5 பற்களும் கொண்ட வெட்டியை 25 மீ./நிமி. வேகத்திலும் பல்லொன்றுக்கு 0.12 மி.மீ. ஊட்டலிலும் பயன்படுத்தும்போது சுழற்சிகளையும் மேசையின் ஊட்டலையும் காண்க.
விடை: 25 × 1000 ÷ (3.14 × 80) = 99.5, 0.12 × 5 × 99.5 = ஏறத்தாழ 60 மி.மீ./நிமி.

(6) புதிதாக வார்த்த தாங்கிக் கூட்டின் ஒரு மூலையில் அரம் வழுக்குகிறது. நீர் மேற்கொள்ளும் நடவடிக்கைகளை ஒழுங்காக எழுதுக.
விடைக் குறிப்பு: ஏனைய விளிம்புகளையும் சோதித்து வன்மை தோலில் மட்டுமா, உட்புறம் வரையுமா என அறிதல், உட்புறம் வரை எனின் பதமாற்றல், மணலை நீக்குதல், உறுதியாக இறுக்குதல், காபைட்டு வெட்டியைத் தெரிவுசெய்தல், வேகத்தைக் குறைத்தல், ஊட்டலைப் பேணித் தோலின் அடிவரை முதல் வெட்டை எடுத்தல், கூரைப் பரிசோதித்தபின் முடிப்பு வெட்டு. காரணம் கூறப்பட்ட ஒவ்வொரு படிமுறையும் முழுமையான விடையாகக் கொள்ளப்படும்.

பரீட்சையில் "குறைக்கவேண்டும்" என எழுதுமுன் எதை, எந்த வெட்டில், ஏன் என்ற மூன்றையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் பொறியின் முன் நிற்கும்போதும் கேட்கவேண்டிய வினாக்கள் அவையே.